நிறுத்தச் சென்று குறைத்துத் திரும்பினேன்: ஜீவனாம்ச ஆலோசனைச் சேவை ஒன்றைப் பற்றிய மதிப்புரை

மணமுறிவின்போது நிர்ணயிக்கப்பட்ட ஜீவனாம்சத்தைப் பின்னாளில் குறைக்கவோ கூட்டவோ முற்றிலும் நிறுத்தவோ வழி உண்டா என்பதை ஆராய்ந்து சொல்லும் இணையவழிச் சேவை ஒன்றைச் சென்ற ஆண்டு பயன்படுத்தினேன். நம்மிடம் உள்ள உத்தரவை வாங்கிப் படித்து ஒரு குறிப்பு எழுதித் தருவது, பதிவுசெய்யப்பட்ட 6 காணொளிப் பாடங்கள், வருமானமும் செலவும் நிரப்புவதற்கான ஒரு பணித்தாள், உத்தரவு எந்த நாட்டில் பிறப்பிக்கப்பட்டதோ அந்நாட்டுச் சட்டம் அறிந்த வழக்கறிஞருடன் 60 நிமிட உரையாடல், இறுதியில் நாம் எழுதும் வரைவைச் சரிபார்த்துத் தருவது ஆகியவை அந்தச் சேவையில் அடங்கும். நீதிமன்றத்தில் நமக்காக அவர்கள் ஆஜராக மாட்டார்கள். முழு வழக்கையும் ஒரு வழக்கறிஞரிடம் ஒப்படைத்திருந்தால் ஆகியிருக்கக்கூடிய செலவில் ஏறக்குறைய கால் பங்கு எனக்கு ஆனது. என் முன்னாள் கணவரின் தனியுரிமையைக் கருதிச் சேவையின் பெயரையும் நாங்கள் வாழும் இடத்தையும் இங்கே தவிர்க்கிறேன்.

எங்கள் திருமணம் 16 ஆண்டுகள் நீடித்தது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதற்காக அவர் வேலையை விட்டு வீட்டில் இருந்தார், நான் சம்பாதித்தேன். ஆகவே பிரிந்தபோது ஜீவனாம்சம் கொடுக்கும் பொறுப்பு என்மேல் விழுந்தது, அது நியாயம்தான் என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். உத்தரவில் முடிவுத் தேதி எதுவும் இல்லை. "மறு உத்தரவு வரும்வரை" என்று மட்டும் இருந்தது. 6 ஆண்டுகள் ஒழுங்காகக் கொடுத்த பிறகு நான் பணியாற்றிய நிறுவனம் எங்கள் பிரிவையே கலைத்தது. 4 மாதங்கள் தேடி, பழைய சம்பளத்தில் ஏறக்குறைய 60 சதவீதம் தரும் வேலையில் சேர்ந்தேன். அதற்குள் அவரும் பகுதிநேரக் கணக்கு வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தார்; வேறொரு பெண்ணுடன் ஒரே வீட்டில் ஒன்றரை ஆண்டுகளாக வாழ்ந்தும் வந்தார். இத்தனை காரணங்கள் கையில் இருக்கும்போது ஜீவனாம்சத்தை அடியோடு நிறுத்திவிடலாம் என்ற உறுதியோடுதான் பணம் கட்டினேன்.

முதல் கட்டமான உத்தரவு வாசிப்பிலேயே என் உறுதி பாதி கரைந்தது, சேவையின் மிகச் சிறந்த பகுதியும் அதுவே. 6 ஆண்டுகளாக என் அலமாரியில் இருந்த அந்தத் தாள்களை நான் ஒருமுறைகூட முழுமையாகப் படித்ததில்லை என்பது அவர்கள் கேட்ட கேள்விகளுக்குப் பதில் எழுதும்போதுதான் புரிந்தது. உத்தரவு நீதிபதி தாமாக வழங்கியதா, இருதரப்பும் ஒப்பந்தம் செய்து நீதிமன்றம் பதிவுசெய்ததா. ஒப்பந்தம் என்றால் பின்னர் மாற்றக்கூடாது என்று அதில் ஏதேனும் வரி உள்ளதா. மாதத் தொகையா, ஒரே தடவையில் தரும் மொத்தத் தொகையா. தவணையாகக் கொடுக்கும் பணம் உண்மையில் ஜீவனாம்சமா, சொத்துப் பங்கீட்டின் பகுதியா. பிள்ளைகளுக்கான தொகை தனியாகக் குறிக்கப்பட்டுள்ளதா என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறார்கள். இந்தக் கேள்விகள் சடங்குக்காகக் கேட்கப்படுபவை அல்ல. ஒரே தடவையில் கொடுத்து முடித்த தொகையையோ, சொத்துப் பங்கைத் தவணையாகப் பிரித்துக் கொடுப்பதையோ, பின்னர் வருமானம் குறைந்துவிட்டது என்று சொல்லித் திறந்து பார்க்க நீதிமன்றங்கள் பொதுவாக இடம் கொடுப்பதில்லை. மாதந்தோறும் கொடுக்கும் பராமரிப்புத் தொகைக்கு மட்டுமே, சூழ்நிலை மாறினால் உத்தரவையும் மாற்றலாம் என்ற கதவு திறந்திருக்கிறது. என் உத்தரவில் அந்தக் கதவு திறந்தே இருந்தது என்று குறிப்பின் முதல் பத்தி சொன்னது.

இரண்டாம் பத்தி அவ்வளவு இதமாக இல்லை. வேலை போனபோது நான் அவரிடம் தொலைபேசியில் பேசி, "சரி, இப்போதைக்குப் பாதி அனுப்பு" என்ற அவரது சொல்லை நம்பி 3 மாதங்கள் பாதித் தொகையே அனுப்பியிருந்தேன். அந்த வாய்ச்சொல்லுக்குச் சட்டத்தின் முன் பெரிய மதிப்பு இல்லை என்றும், நீதிமன்றம் மாற்றும்வரை பழைய உத்தரவே நடைமுறையில் இருப்பதால் ஒன்றரை மாதத் தொகை என் கணக்கில் நிலுவையாக நிற்கிறது என்றும், மனு தாக்கல் செய்வதற்கு முந்தைய காலத்துக்குப் பின்னோக்கிக் குறைப்புக் கேட்பது பல இடங்களில் கடினம் அல்லது இயலாதது என்றும் அந்தக் குறிப்பு எழுதியிருந்தது. அதாவது, வேலை போன மறுவாரமே மனு போட்டிருக்க வேண்டும். நல்ல மனத்தோடு பேசிக்கொள்கிறோம் என்று நான் பெருமைப்பட்ட மாதங்களே எனக்கு எதிரான கணக்காக மாறின. இனி வாய்ச்சொல்லை நம்பி ஒரு மாதம்கூடக் குறைத்து அனுப்பக்கூடாது, முடிந்ததை அனுப்பி முடியாததை உடனே மனுவில் சொல்ல வேண்டும் என்ற அறிவுரையைத் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். சேவைக்குக் கட்டிய தொகையில் பாதி இந்த ஒரு பத்திக்கே ஈடாகிவிட்டது என்பேன்.

காணொளிப் பாடங்களுக்கு வருகிறேன். ஆறில் இரண்டு மிக நன்றாக இருக்கின்றன, இரண்டு பரவாயில்லை, மீதி இரண்டைப் பார்க்காமலே விட்டிருக்கலாம்.

நன்றாக இருக்கும் முதல் பாடம் "சூழ்நிலை மாற்றம்" என்ற சொல்லை விளக்குவது. எந்த மாற்றமும் போதாது. அது கணிசமானதாக இருக்க வேண்டும், தற்காலிகமாக இல்லாமல் தொடர்வதாக இருக்க வேண்டும், உத்தரவு போடப்பட்டபோது யாரும் எதிர்பார்க்காததாகவும் இருக்க வேண்டும் என்பதைப் பல நாட்டுச் சட்டங்களை ஒப்பிட்டுச் சொல்கிறார்கள். இந்தியாவின் 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தில் 25ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, இருவரில் எவருடைய சூழ்நிலை மாறினாலும் உத்தரவை மாற்றவோ ரத்துசெய்யவோ நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. கனடாவின் உச்ச நீதிமன்றம் 1994இல், அந்த மாற்றம் முன்பே தெரிந்திருந்தால் உத்தரவே வேறுவிதமாக அமைந்திருக்குமா என்பதை அளவுகோலாக வைத்தது. என் நிலைமையை இந்த அளவுகோலில் வைத்துப் பார்த்தபோது வருமானக் குறைவு தேறியது. ஆனால் அவர் வேலைக்குப் போனது அவ்வளவு எளிதாகத் தேறவில்லை, ஏனெனில் பிள்ளைகள் வளர்ந்த பிறகு அவர் ஏதேனும் வேலை தேடுவார் என்று எங்கள் பழைய உத்தரவிலேயே ஒரு வரி இருந்தது. எதிர்பார்த்தது நடந்தால் அதை மாற்றமாகக் கருதுவது கடினம் என்பதை அந்தப் பாடம் பார்த்திராவிட்டால் எனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அதே பாடத்தில், தாமாக வேலையை விட்டவரின் வருமானக் குறைவை நீதிமன்றம் ஏற்காமல், அவர் சம்பாதிக்கக்கூடிய தொகையை அவருடைய வருமானமாகவே கணக்கில் எடுத்துக்கொள்ளலாம் என்பதையும் நிதானமாக விளக்குகிறார்கள். நானாக விடவில்லை என்பது உண்மை, ஆனால் உண்மையாக இருந்தால் மட்டும் போதுமா? வேலை தேடிய 4 மாதங்களில் வந்த மறுப்பு மின்னஞ்சல்களை மனக்கசப்பில் அழித்திருந்தேன். எந்தெந்த நிறுவனத்துக்கு விண்ணப்பித்தேன், யார் என்ன பதில் சொன்னார்கள் என்பதைத் திரும்பச் சேகரிக்க எனக்கு இரண்டு வாரங்கள் ஆயின. வேலை இழந்தவர் எவராக இருந்தாலும் மறுப்புக் கடிதங்களைப் பத்திரமாக வைத்துக்கொள்ளட்டும். அவை அவமானச் சின்னங்கள் அல்ல, சான்றாவணங்கள்.

நன்றாக இருக்கும் மற்றொரு பாடம், பெறுபவர் மறுமணம் செய்துகொள்வதையும் மணம் செய்யாமல் ஒருவருடன் சேர்ந்து வாழ்வதையும் சட்டங்கள் எவ்வளவு வேறுபட்டுப் பார்க்கின்றன என்பது பற்றியது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1973ஆம் ஆண்டுச் சட்டப்படி பெறுபவர் மறுமணம் செய்துகொண்டால் மாதத் தொகை தானாகவே முடிந்துவிடுகிறது. சேர்ந்து வாழ்வது தானாக முடிக்காது, தொகையை மறுபரிசீலனை செய்யும்போது கவனிக்கப்படும் ஒரு காரணமாக மட்டுமே நிற்கும். இந்து திருமணச் சட்டத்தில் மறுமணம்கூடத் தானாக எதையும் முடிப்பதில்லை. மற்றவர் கேட்டால் நீதிமன்றம் மாற்றலாம் அல்லது ரத்துசெய்யலாம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டமோ, குறைந்தது 3 மாதங்கள் தொடர்ந்து மற்றொருவருடன் பொதுவான குடும்பம் நடத்துவது தெரியவந்தால் ஜீவனாம்சத்தை நிறுத்திவைக்கவோ குறைக்கவோ முடிக்கவோ வேண்டும் என்கிறது. திருமணம் நீடித்த காலத்தைப் பொறுத்து ஜீவனாம்சத்துக்கும் உச்சவரம்பு வைத்த சட்டம் அது: 5 ஆண்டுகளுக்கு மேற்படாத திருமணம் என்றால், நீதிமன்றம் தனிக் காரணம் கண்டாலன்றி, அது நீடித்த மாதங்களில் பாதிக்கு மேல் கொடுக்க வேண்டியதில்லை. ஃபுளோரிடா 2023 ஜூலை 1 முதல் புதிய வழக்குகளில் நிரந்தர ஜீவனாம்சம் என்ற வகையையே எடுத்துவிட்டது. ஒரு நாட்டில் வழக்கை முடித்துவைக்கும் செய்தி இன்னொரு நாட்டில் வெறும் பின்னணித் தகவலாக நின்றுவிடும் என்பதால், நண்பர் சொன்னதை நம்பி முடிவெடுக்கும் வழக்கம் இந்த விஷயத்தில் எவ்வளவு ஆபத்தானது என்பது அந்த 40 நிமிடங்களில் நன்றாகவே உறைக்கிறது.

வரி பற்றிய பாடம் அமெரிக்க உத்தரவு உள்ளவர்களுக்கு மட்டும் பயன்படும். 2018 டிசம்பர் 31க்குப் பிறகு செய்யப்பட்ட மணமுறிவு ஒப்பந்தங்களில் கொடுப்பவருக்கு மத்திய வருமான வரியில் கழிவு கிடையாது, பெறுபவருக்கு அது வருமானமும் ஆகாது. பழைய ஒப்பந்தத்தை இப்போது மாற்றினால், புதிய விதி பொருந்தும் என்று மாற்றத்தில் வெளிப்படையாக எழுதினாலன்றிப் பழைய விதியே தொடரும் என்பதைச் சரியாகச் சொல்கிறார்கள். எனக்குத் தேவைப்படவில்லை.

குறைகளில் பெரியது, ஆறு பாடங்களிலும் கொடுப்பவர் எப்போதும் "அவன்", பெறுபவர் எப்போதும் "அவள்" என்பது. எல்லா எடுத்துக்காட்டுகளிலும் கணவன் உழைக்கிறான், மனைவி கேட்கிறாள். அலபாமா மாநிலத்தில் கணவன்மார் மட்டுமே ஜீவனாம்சம் கொடுக்க வேண்டும் என்றிருந்த சட்டத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1979லேயே செல்லாது என்று தள்ளிவிட்டது. இந்து திருமணச் சட்டத்தின் 25ஆம் பிரிவில் கணவரும் கேட்கலாம். சிங்கப்பூரில் உடலோ மனமோ இயலாமல் சம்பாதிக்க முடியாத கணவர்கள் 2016 முதல் கேட்க முடிகிறது. எல்லா இடத்திலும் ஒரே நிலை இல்லை என்பதும் உண்மைதான்: இந்தியக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவும், 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவும் மனைவிக்கு வழி தருகின்றன, கணவனுக்குத் தருவதில்லை. கொடுப்பவர் பெண்ணாக இருக்கும்போது எங்கே வேறுபடும், எங்கே வேறுபடாது என்பதை ஒரு பாடத்திலாவது சொல்லியிருக்கலாம். பணித்தாளின் அச்சிட்ட தலைப்பே "கணவரின் வருமானம்" என்று தொடங்குகிறது; அந்தக் கட்டத்தில் என் சம்பளத்தை எழுதும்போது எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் ஒருசேர வந்தன.

மற்றொரு குறை, பணித்தாளை நிரப்பி முடித்ததும் இணையதளம் காட்டும் "வெற்றி வாய்ப்பு" என்ற எண். எனக்கு 82 சதவீதம் என்று காட்டியது. எதன் அடிப்படையில் கணக்கிட்டார்கள் என்ற விளக்கம் எங்கும் இல்லை. வழக்கறிஞரிடம் இதைக் குறிப்பிட்டபோது அவர் சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, "அந்த எண்ணை மறந்துவிட்டு உத்தரவைத் திறங்கள்" என்றார். மணமுறிவுக்குப் பின் மனம் நொந்து வருபவர்களுக்கு முன்னால் இப்படிப்பட்ட எண்ணை வைப்பது பொறுப்பற்ற செயல் என்பது என் கருத்து. பணித்தாள் ஒரு பணித்தாளாக மட்டும் நின்றிருந்தால் பாராட்டியிருப்பேன், ஏனெனில் இருதரப்பின் வருமானம், கடன், சேமிப்பு, மாதச் செலவு ஆகியவற்றை ஒளிவுமறைவின்றி எழுத வைப்பதில் அது கண்டிப்பானது. இந்திய உச்ச நீதிமன்றம் 2020 நவம்பர் 4 அன்று அளித்த தீர்ப்பில் சொத்து, கடன் விவரங்களுக்கான பிரமாணப் பத்திர மாதிரிகளையே இணைத்துக் கொடுத்தது. அந்த அளவுக்கு விரிவான கேள்விகள் இந்தத் தாளிலும் உள்ளன. என் மாதச் செலவில் எவ்வளவு பழக்கத்தினால் ஓடுகிறது, எவ்வளவு தேவையினால் ஓடுகிறது என்பதை அதை நிரப்பியபோதுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

வழக்கறிஞருடனான ஒரு மணி நேரத்தைப் பற்றி எனக்கு முறையீடு எதுவும் இல்லை. முன்னாள் கணவரும் அந்தப் பெண்ணும் சேர்ந்திருக்கும் படங்களைச் சமூக ஊடகங்களிலிருந்து சேகரித்து ஒரு கோப்பாகவே வைத்திருந்தேன். வழக்கறிஞர் அதைத் திறக்கக்கூட இல்லை. அவர்கள் எங்கே உலவினார்கள் என்பதில் நீதிமன்றத்துக்கு அக்கறை இல்லை. வாடகையை யார் கொடுக்கிறார்கள், மின்கட்டணம் யார் பெயரில் வருகிறது, அவருடைய தேவை அதனால் எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதே கேள்வி, அதற்கான பதிலை ஒற்றறிந்து பெற வேண்டாம், நீதிமன்றத்தின் வழியாக விவரம் கேட்டுப் பெறலாம் என்றார். பிறகு என்னிடம் நேரடியாகவே சொன்னார்: முற்றிலும் நிறுத்தக் கேட்டால் தோற்கும் வாய்ப்பு அதிகம், 16 ஆண்டுத் திருமணத்தில் 10 ஆண்டுகளுக்கு மேல் வேலைச் சந்தையை விட்டு விலகியிருந்த ஒருவர் பகுதிநேர வேலையில் சேர்ந்ததாலேயே தன் காலில் நின்றுவிட்டார் என்று எந்த நீதிபதியும் எளிதில் ஏற்க மாட்டார், குறைப்பும் ஒரு முடிவுத் தேதியும் கேளுங்கள், அதையும் முதலில் அவரிடமே கேளுங்கள் என்றார். நான் விரும்பிய பதில் இது அல்ல. பணம் வாங்கிக்கொண்டு வாடிக்கையாளர் விரும்பாததைச் சொல்லும் துணிவு உள்ளவர்களை நான் அதிகம் சந்தித்ததில்லை.

வழக்கறிஞர் சுட்டிக்காட்டிய வழியான சமரசத்துக்குச் சேவை ஒதுக்கியிருந்தது 7 நிமிடப் பாடம் ஒன்று மட்டுமே என்பது வியப்பானது. இருவரும் ஒப்புக்கொண்டு நீதிமன்றத்தில் பதிவுசெய்வதுதான் பலருக்கும் செலவு குறைந்த வழி; அதற்கான கடிதத்தை எப்படித் தொடங்குவது, எந்தத் தகவலை முதலில் நாமே வெளியிடுவது, நிலுவையை எப்படிப் பேசுவது என்பதற்கெல்லாம் ஒரு முழுப் பாடம் வேண்டும். நானே தட்டுத்தடுமாறி எழுதினேன். என் சம்பளச் சீட்டுகளை முதலில் அனுப்பி, நிலுவையை 3 தவணைகளில் தீர்ப்பதாக ஒப்புக்கொண்டு, அதன்பிறகே குறைப்பைக் கேட்டேன். முன்னாள் கணவரின் பதில் வர மூன்று வாரங்கள் ஆனது. ஆனால் அதில் கோபம் இல்லை.

கடைசிக் கட்டமான வரைவுச் சரிபார்ப்பில் சேவை மீண்டும் தன் மதிப்பைக் காட்டியது. பழைய தொகையில் 55 சதவீதத்தை 30 மாதங்கள் கொடுப்பது, அத்துடன் முடிப்பது என்று நாங்கள் இருவரும் ஒத்துக்கொண்டு எழுதிய ஒப்பந்தத்தில், 30 மாதங்கள் முடிவதற்குள் பெறுபவர் காலத்தை நீட்டிக்கக் கோரி மனு செய்ய முடியாது என்ற வரி இல்லை என்பதைக் கண்டுபிடித்தார்கள். அந்த வரி இல்லையென்றால் நான் முடிவுத் தேதி என்று நம்பியது வெறும் மைல்கல்லாக இருந்திருக்கும். அதைச் சேர்ப்பதற்கு முன்னாள் கணவரின் ஒப்புதலைத் தனியாகக் கேட்க வேண்டும், அவரும் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிக்கொள்ள அவகாசம் தர வேண்டும் என்றும் குறிப்பிட்டிருந்தார்கள். எனக்குச் சாதகமான வரியை அவருக்குத் தெரியாமல் நுழைத்துவிடும்படி சொல்லாதது எனக்குப் பிடித்திருந்தது. அவர் காட்டிக்கொண்டார், ஒப்புக்கொண்டார். மனு கொடுத்த நாளிலிருந்து 5 மாதங்களில் புதிய உத்தரவு கைக்கு வந்தது.

சேவையின் தொடர்பு அலுவலகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எந்தக் கேள்விக்கும் பதில் வர சராசரியாக 5 நாட்கள் ஆகின்றன, காலக்கெடு நெருங்கும்போது இது பதற்றத்தைத் தரும். சேவையை முடித்துக்கொண்ட பிறகு, கொடுப்பவர்களில் பெண்களும் இருக்கிறார்கள் என்பதைச் சுட்டிக்காட்டி, பாடங்களின் எடுத்துக்காட்டுகளையும் பணித்தாளின் தலைப்புகளையும் மாற்றுமாறு சற்று நீளமாகவே ஒரு கடிதம் எழுதினேன். ஆறாம் நாள் பதில் வந்தது. பரிசீலிப்பதாகச் சொல்லியிருந்தார்கள், கடிதம் "அன்புள்ள ஐயா" என்று தொடங்கியது.